ஃபிக்ஸட் காலிப்பரா, ஃப்ளோட்டிங் காலிப்பரா?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தபோது, என் காரின் இடது முன்சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. காட்பாடி மெக்கானிக் அண்ணன் கழற்றிக் காட்டினார்: உள்பக்க பிரேக் பேட் தகடு தெரியத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் பாதி மிச்சம். காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம். என் காரில் இருப்பது ஃப்ளோட்டிங் காலிப்பர்; அதில் பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள்பேடை அழுத்த, காலிப்பரே பின்கள் (pins) எனும் சிறு கம்பிகளில் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். இந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்தால் காலிப்பர் நகராது, உள்பேடே அதிகம் தேயும். "அதுக்குன்னு இருக்குற கிரீஸத்தான் போடணும் தம்பி" என்றார்.

ஃபிக்ஸட் காலிப்பர் அசையாது. டிஸ்க்கின் இருபுறமும் பிஸ்டன்கள். பெடல் கெட்டியாக இருக்கும், பேடும் ஏறக்குறைய சமமாகத் தேயும். விலைதான் அதிகம், சக்கரத்துக்குள் இடமும் வேண்டும். குடும்பக் காருக்கு ஃப்ளோட்டிங்கே போதும்; ஒவ்வொரு சர்வீஸிலும் பின்னைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.