கால் வீங்கினால் முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களும், வீட்டில் அப்பா அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுப்பவர்களும் இதைப் படித்துவிட்டு மருந்து டப்பாவை ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரு மருந்தில் தொடங்கி ஒன்பது மாதத்தில் ஆறு மருந்துகள் வரை போனேன். அந்த ஆறில் பாதிக்கு மேல் எனக்குத் தேவையே இல்லாதவை. அவற்றுக்குக் கொடுத்த பணம் போனது போகட்டும். சிறுநீரகம் கெடும் நிலைக்கு வந்து தப்பினேன் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தொடக்கம் சரியாகத்தான் இருந்தது. மூன்று தடவை பார்த்தும் 160/100க்குக் குறையவில்லை. அம்லோடிபின் 5 மி.கி. எழுதினார்கள். ஒரு மாதத்தில் 134/84க்கு வந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை. அதே நிலையில் விட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

நான்காவது மாதம் மறுபரிசோதனைக்குப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை, மூன்று மாடி ஏறிப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார். பேசிக்கொண்டே அளந்தார். 158 என்று எழுதினார். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், பட்டை வெறும் கையில், இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. இவை எல்லாம் அடிப்படை விதிகள். அன்று ஒன்றுகூட நடக்கவில்லை. இன்னொரு முறை பார்க்கவும் இல்லை. அந்த ஒற்றை எண்ணை வைத்து மாத்திரை 10 மி.கி. ஆனது.

மூன்று வாரத்தில் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் பரவாயில்லை. மாலையானால் செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். டாக்டரிடம் காட்டினேன். "இந்த வயசில் கால் வீங்கத்தானம்மா செய்யும், எதற்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்றார். ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ, கால் ரத்தக்குழாய்க்கு ஸ்கேன். எல்லாம் நார்மல். நிம்மதியாக இருந்தது, பில்லைப் பார்க்கும்வரை. ஆனால் இத்தனை பரிசோதனை எழுதியவர் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: கடைசியாக எந்த மாத்திரையை எப்போது மாற்றினோம்?

அம்லோடிபினால் கால் வீங்கும் என்பது ரகசியம் இல்லை. அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்தின் தகவல் தாளிலேயே இருக்கிறது. 5 மி.கி. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும், 10 மி.கி. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கும் வீக்கம் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இந்த மருந்து ரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகளை நன்றாக விரிக்கிறது, ரத்தம் திரும்பும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரும் வழி அகலமாகி, போகும் வழி அப்படியே இருந்தால் நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடும். அங்கிருந்து நீர் சதைக்குள் கசிகிறது. உடம்பில் நீர் அதிகமாகச் சேர்ந்ததால் வரும் வீக்கம் அல்ல இது. அதனால் நீர் பிரியும் மாத்திரைக்கு இது பெரிதாக அடங்காது.

எனக்குக் கொடுத்தது அந்த நீர் பிரியும் மாத்திரையைத்தான். ஃபுரோசமைடு.

வீக்கம் கொஞ்சம்கூட வற்றவில்லை. பகலில் கழிப்பறைக்கு நடந்தே களைத்தேன், இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பார்த்தால் பொட்டாசியம் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். அதற்கு ஒரு சிரப். அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே கத்தும் அளவுக்கு வலி. கூடினால் மூட்டில் படிந்து இப்படி வலிக்க வைக்கும் யூரிக் அமிலம் 8.9. ஃபுரோசமைடு யூரிக் அமிலத்தை ஏற்றும், அதுவும் தெரிந்த விஷயம்தான். அந்த வலிக்கு டைக்ளோஃபெனாக், அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொரு மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். ஏறியது. 156.

பிரஷர் ஏறிவிட்டதாம், "புது மாத்திரை, ஒன்றுக்குள்ளேயே இரண்டு மருந்து" என்று எழுதிக்கொடுத்தார்கள். மருத்துவமனைக்குள் இருக்கும் கடையில்தான் அந்த பிராண்டு கிடைக்கும் என்றும் சொன்னார்கள். என் பழைய மாத்திரைகள் எல்லாவற்றின் விலையையும் கூட்டினாலும் இந்த ஒன்றின் விலைக்கு வராது. அட்டையில் பிராண்டு பெயர் பெரிய எழுத்தில், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் எறும்பு எழுத்தில். பழையதை நிறுத்தச் சொல்லி டாக்டரும் சொல்லவில்லை, கடையில் கொடுத்தவரும் சொல்லவில்லை. நான் இரண்டையும் விழுங்கினேன்.

அந்தப் புது மாத்திரைக்குள் இருந்தது டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5. அதாவது ஏற்கெனவே சாப்பிட்ட 10உடன் இன்னொரு 5. ஒரு நாளைக்கு அம்லோடிபினின் உச்ச அளவே 10 மி.கி. நான் பதினொரு நாள் 15 மி.கி. சாப்பிட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலை கட்டிலில் இருந்து எழுந்தவள் அப்படியே விழுந்தேன். மகன் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு என்னை வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அந்தப் பைதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அவர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். "எது முதலில் வந்தது? அடுத்தது எது, எந்தத் தொந்தரவுக்காக?" என்று கேட்டுக் கேட்டு, தேதி வாரியாக வரிசையில் வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மருத்துவத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது என்றார். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்து, அதன் விளைவுக்கு இன்னொன்று. பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990களிலேயே இந்த மருந்துச் சங்கிலியைப் பற்றி எழுதிவிட்டார்களாம். அம்லோடிபின் வகை மாத்திரை, கால் வீக்கம், நீர் மாத்திரை என்ற வரிசை அதற்குப் பாடப்புத்தக உதாரணம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருடமாகத் தொழில் செய்யும் அந்த முதல் டாக்டருக்கு இது தெரியாமல் இருக்குமா? பார்க்க நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றே ரத்தம் எடுத்தார். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் 0.8இல் இருந்து 1.6 ஆகியிருந்தது. டெல்மிசார்டன் வகை, நீர் மாத்திரை, டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஒவ்வொன்றும் தனியாக நல்ல மருந்துதான், சேர்ந்தபோதுதான் வினை. பொட்டாசியம் இப்போது 5.4. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து, அதோடு நான் சிரப்பையும் குடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஏறியிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறியிருக்கும் என்றார்.

வலி மாத்திரை, நீர் மாத்திரை, சிரப், வயிற்று மாத்திரை எல்லாம் நின்றன. பிரஷர் மாத்திரைகளையும் சில நாள் நிறுத்தி, தினமும் அளந்து, சிறுநீரகம் தேறிய பிறகு அம்லோடிபின் 5, லோசார்டன் 50 என்று இரண்டை மட்டும் கொடுத்தார். லோசார்டன் யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கும், அம்லோடிபினால் வரும் வீக்கத்தையும் தணிக்கும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்கினார். இரண்டு வாரத்தில் கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. கிரியாட்டினின் 0.9க்கு இறங்கியது. செலவும் சட்டென்று இறங்கியது. இரண்டுமே காப்புரிமை காலாவதியான பழைய மருந்துகள், பல நிறுவனங்கள் செய்கின்றன. அவர் சீட்டில் பிராண்டு பெயரை எழுதாமல் மருந்தின் பெயரை எழுதினார். முன்பு மாதம் கொடுத்ததில் எட்டில் ஒரு பங்குகூட இப்போது ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அட்டெனோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் எகிறிவிடும், உயிருக்கே ஆபத்து. என் மாத்திரைகளை நிறுத்தியதும் டாக்டர்தான், ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான். நீங்கள் செய்ய வேண்டியது, புதுத் தொந்தரவு எது வந்தாலும் "இது நான் சாப்பிடும் மாத்திரையால் இருக்குமா?" என்று வாய் திறந்து கேட்பது. புது அட்டை கைக்கு வந்தால் அந்த எறும்பு எழுத்தைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் விழுங்குவதற்கு முன் கேளுங்கள். மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கும்போது, பிரஷர் மருந்து சாப்பிடுகிறேன் என்று கடையில் சொல்லுங்கள்.

முதல் மருத்துவமனைக்குத் தேதி வாரியாக எல்லாவற்றையும் எழுதி, சீட்டுகளின் நகலோடு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: மருத்துவரின் முடிவில் நிர்வாகம் தலையிடுவதில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒன்றுதான் கேட்டிருக்கிறேன், அந்தக் கடையில் புது பிரஷர் மாத்திரை கொடுக்கும்போது பழையதை நிறுத்த வேண்டுமா என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள் என்று.