1966 மஸ்டாங்: ஐந்து மீட்டர்களோடு பழகிய அனுபவம்

வி8 எஞ்சின் பொருத்திய 1966 ஃபோர்டு மஸ்டாங்கை மிச்சிகனில் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். எஞ்சினைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஐந்து மீட்டர்களைப் பற்றி.

நடுவில் பெரிய வட்டமாக ஸ்பீடோமீட்டர். அதன் இரு பக்கமும் பெட்ரோல், ஆயில் பிரஷர், வெப்பம், ஆம்பியர் என நான்கு சிறிய வட்டங்கள். 1965இல் இது ஜிடி போன்ற விலை கூடிய வகைகளுக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஃபால்கன் காரின் பாணியில் நீளமான பட்டை. அதில் பெட்ரோலுக்கும் வெப்பத்துக்கும் மட்டுமே முள், ஆயிலுக்கும் சார்ஜுக்கும் எச்சரிக்கை விளக்கு. அடுத்த ஆண்டு ஐந்து வட்டங்களும் எல்லா மஸ்டாங்குக்கும் வந்துவிட்டன.

சாவியைத் திருப்பினால் முட்கள் ஆற அமரத்தான் மேலேறும். மீட்டருக்குள் ஓர் இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கம்பி சூடேறப் பட்டை வளையும், முள் நகரும். இந்த நிதானத்தில் ஒரு லாபம் உண்டு: திருப்பங்களில் டாங்கில் பெட்ரோல் அலைபாய்ந்தாலும் முள் ஆடாது. பெட்ரோல், வெப்பம், ஆயில் மூன்றுக்கும் சராசரியாக 5 வோல்ட் தருவது பின்புறம் உள்ள ஒரே சிறிய ரெகுலேட்டர். ஒரு கோடையில் மூன்று முட்களும் சேர்ந்தாற்போல் உச்சிக்குப் போயின. எஞ்சின் கொதித்தால் பெட்ரோல் முள் ஏன் ஏற வேண்டும்? டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தேன். ரெகுலேட்டரின் எர்த் இணைப்பில் துரு. சுரண்டித் துடைத்துத் திருகை இறுக்கியதும் மூன்றும் இறங்கிவிட்டன.

பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்பியர் மீட்டர் பலவீனமானது. மின்வயர் அதன் முதுகில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து போகிறது, அவ்வளவே. ஹெட்லைட் போட்டாலும் முள் அசைந்ததா என்று உற்றுப் பார்க்க வேண்டும். லைட்டர் துளையில் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன். அந்தக் காலக் கிரைஸ்லர் கார்களில் சார்ஜ் மின்சாரமே மீட்டர் வழியாக ஓடும். முள் நன்றாகப் பேசும், ஆனால் இணைப்புகள் பழசானால் சூடாகி உருகும். அதைவிட இந்த மந்தமே மேல்.

பெட்ரோல் அளவை மின்தடையாக மாற்றி மீட்டருக்குச் சொல்லும் டாங்க் சென்சார் வாங்குவோர் கவனிக்கவும்: அந்தக் கால ஃபோர்டில் காலி டாங்குக்கு ஏறத்தாழ 73 ஓம், நிறைந்ததற்கு 10. அறுபதுகளின் பிற்பாதி செவ்ரோலெட்டில் காலிக்கு 0, நிறைந்ததற்கு 90. மாற்றிப் பொருத்தினால் முள் தலைகீழாக ஓடும்.

எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டருக்காக 1967 மாடலைத் தேடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதில் ஆயிலுக்கும் சார்ஜுக்கும் உரிய பெரிய வட்டத்தை டாக்கோமீட்டர் எடுத்துக்கொள்ளும். அவை இரண்டும் விளக்குகளாகிவிடும். என் காரில் நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடி சிக்னலில் நிற்கும்போது, சூடான ஆயிலின் அழுத்தம் குறைந்து ஆயில் முள் மெதுவாகச் சரியும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் மீண்டும் ஏறும். வழக்கத்தைவிடத் தாழ்ந்தால் அன்றே தெரிந்துவிடும். விளக்கு எரியும் வரை காத்திருப்பது எஞ்சினைப் பணயம் வைப்பது. 1965, 66 கார்களுக்கு ரேலி-பேக் இருக்கிறது: டாக்கோமீட்டரும் கடிகாரமும் ஸ்டீயரிங் தண்டின் மேல் அமரும், உள்ளே எதையும் இழக்க வேண்டியதில்லை. நான் பொருத்தியிருப்பது அதைத்தான்.