நாராவா, டொயோஹாஷியா, குமனோவா: ஜப்பானியத் தூரிகை எந்த ஊருடையது வாங்கலாம்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சொல்வதைப் போல ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு: "கோபோ தூரிகையைத் தேர்ந்தெடுப்பதில்லை." கோபோ என்பது கூகாய் என்ற பௌத்தத் துறவியின் பட்டப்பெயர். ஜப்பானின் மிகச் சிறந்த கையெழுத்துக் கலைஞர்களில் ஒருவர். அவ்வளவு வல்லவருக்கு எந்தத் தூரிகையும் ஒன்றுதான் என்பது பழமொழியின் பொருள்.

ஆனால் கூகாய் அப்படி நினைக்கவே இல்லை. 812-இல் அவர் சாகா பேரரசருக்கு நான்கு தூரிகைகளை அனுப்பினார். நான்கும் தனுக்கி என்ற காட்டு விலங்கின் முடியால் ஆனவை. ஒன்று திருத்தமான எழுத்துக்கு, ஒன்று பாதி ஓட்டமான எழுத்துக்கு, ஒன்று முழு ஓட்டமான எழுத்துக்கு, இன்னொன்று நூல்களைப் படியெடுக்க. நல்ல எழுத்தாளன் கட்டாயம் நல்ல தூரிகையைத்தான் பயன்படுத்துவான் என்று அவரே எழுதியும் வைத்திருக்கிறார். எனவே எந்தத் தூரிகை சிறந்தது என்று கேட்பவர்கள் பழமொழியை விட்டுவிட்டுக் கூகாயைப் பின்பற்றலாம். எதை எழுதப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

இன்று கையால் தூரிகை செய்வதற்கு ஜப்பானிய அரசு மரபுக் கைவினை என்று அங்கீகாரம் கொடுத்திருக்கும் ஊர்களில் முக்கியமானவை மூன்று. ஹிரோஷிமா மாகாணத்துக் குமனோ 1975-இல் அந்த அங்கீகாரம் பெற்றது. ஐச்சி மாகாணத்து டொயோஹாஷி 1976-இலும் நாரா 1977-இலும் பெற்றன. 2004-இல் ஹிரோஷிமாவின் கவாஜிரியும் சேர்ந்துகொண்டது.

ஊர்களை ஒப்பிடுமுன் தூரிகையின் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவோம். வெளியிலிருந்து ஒரே முடிக்கற்றையாகத் தெரிந்தாலும் உள்ளே பல நீளங்களில் வெட்டிய முடிகள் இருக்கின்றன. செய்பவர்கள் அதன் பகுதிகளுக்கு உடம்பின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்: தொண்டை, தோள், வயிறு, இடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே நுனியில் நிற்கும் மிக நீளமான சில முடிகளுக்கு 'இனோச்சிகே', அதாவது உயிர்முடி என்று பெயர். அது தேய்ந்தால் தூரிகையின் ஆயுள் முடிந்தது. அதனால் முடியின் நுனியை ஒருநாளும் வெட்டுவதில்லை. நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் அடிப்பக்கத்தில்தான் வெட்டுவார்கள்.

ஆட்டு முடி மென்மையானது, மையை நிறையக் குடிக்கும். குதிரை முடி விறைப்பானது. மரநாய் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கான இத்தாச்சியின் வால்முடி வளைத்ததும் துள்ளி நிமிரும். எந்த முடியானாலும் முதலில் எண்ணெய்ப் பசை போக வேண்டும். நெல் உமிச் சாம்பலைத் தூவி, சூடு கொடுத்து, மான்தோலில் சுருட்டி உருட்டித் தேய்க்கிறார்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் முடியில் மை ஏறாது. அப்புறம் சிறு கத்தியைப் பிடித்து, நுனி இல்லாத முடி, தலைகீழான முடி என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து எறிகிறார்கள். இதுவரை மூன்று ஊர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் கலக்குமிடத்தில் வருகிறது. என்னைக் கேட்டால், தூரிகை வாங்குபவர் ஊர்ப் பெயரை விட இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நீளம் நீளமாக வெட்டிய முடிகளைத் தண்ணீரில் நனைத்து, அடுக்கி, மெல்லிய விரிப்பாகப் பரப்பி, மடித்து, மறுபடி பரப்பி, மறுபடி மடித்துக் கலப்பது ஒரு முறை. இதற்கு நெரிமாஸே என்று பெயர். ஒரு கைக்கு அடங்கும் முடியைத்தான் இப்படிக் கலக்க முடியும், நேரமும் பிடிக்கும். ஆனால் உயிர்முடி முதல் இடுப்புவரை எல்லா நீளமும் தூரிகையின் எல்லாப் பக்கத்திலும் சீராகப் பரவிவிடும். இன்னொரு முறை போன்மாஸே. 'போன்' என்றால் தட்டு. நிறையத் தூரிகைகளுக்கு ஆகும் முடியை மொத்தமாகக் கலக்கலாம், வேலை வேகமாக நடக்கும்.

டொயோஹாஷி நெரிமாஸே ஊர். அப்போது அந்த ஊருக்கு யோஷிதா என்று பெயர், ஒரு பிரபுவின் ஆட்சிப்பகுதி. 1804-இல் அங்கே கியோட்டோவிலிருந்து சுசுகி ஜின்சாயெமோன் என்ற தூரிகைக் கைவினைஞர் அழைத்துவரப்பட்டார். சம்பளம் போதாத கீழ்நிலைச் சாமுராய்கள் துணை வருமானத்துக்காக இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த தோக்கைதோ பெருவழியில் இருந்த ஊர் என்பதால் சரக்கை வெளியே அனுப்புவதிலும் சிரமமில்லை. உயர்தரத் தூரிகைகளில் சுமார் 70 சதவீதம் டொயோஹாஷியில் செய்யப்படுபவை என்று சொல்கிறார்கள். மை இறங்குவதும் ஏறுவதும் வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும் என்பது இவற்றின் புகழ். தண்ணீரில் அத்தனை முறை மடித்துக் கலப்பதன் பலன் அது.

போன்மாஸே பரவலாக இருக்கும் குமனோவின் கதை வேறு. மலை சூழ்ந்த மேட்டுநிலம். பயிர்நிலம் குறைவு, ரயில் நிலையம் இன்றும் இல்லை. எடோ காலத்தில் (1603-1868) அங்கிருந்த விவசாயிகள் வயல்வேலை ஓய்ந்த மாதங்களில் நாராவுக்குத் தெற்கே யோஷினோ பக்கம் கூலிக்குப் போவார்கள். திரும்பும்போது நாராவில் தூரிகையும் மைக்கட்டியும் வாங்கி வழியெல்லாம் விற்றுக்கொண்டு வருவார்கள். வாங்கி விற்கும் பொருளை நாமே செய்தாலென்ன என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இளைஞர்கள் வெளியூர்களுக்குப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். மூலப்பொருள் எதுவும் அந்த ஊரில் விளைவதில்லை. முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது, மூங்கிலும் வெளியிலிருந்துதான். இருந்தும் இன்று ஜப்பானியத் தூரிகைகளில் சுமார் 80 சதவீதம் அங்கிருந்து வருகின்றன. ஏறத்தாழ 24,000 பேர் வாழும் ஊரில் சுமார் 2,500 பேருக்கு இதுதான் தொழில்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பள்ளிகளில் தூரிகை எழுத்துப் பயிற்சி நின்றபோது குமனோ படுத்துவிட்டிருக்கலாம். படுக்கவில்லை. 1950-களில் ஓவியத் தூரிகைக்கும் ஒப்பனைத் தூரிகைக்கும் திரும்பியது. நுனியை வெட்டாத அதே பழக்கத்தை ஒப்பனைத் தூரிகைக்கும் கொண்டுபோனதால்தான் அவை கன்னத்தில் உறுத்துவதில்லை. 2011-இல் உலகக் கோப்பையை வென்ற ஜப்பானிய மகளிர் கால்பந்து அணிக்கு அரசு அளித்த நினைவுப்பரிசு குமனோ ஒப்பனைத் தூரிகைகள்.

இந்த இரண்டுக்கும் இடையே எழுத்துத் தூரிகை வாங்குபவர் தயங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இப்போதுதான் கற்கத் தொடங்குகிறீர்கள், நுனியை வளைத்தும் அழுத்தியும் ஓரிரு தூரிகையைப் பாழாக்கத்தான் போகிறீர்கள் என்றால் குமனோ. நியாயமான விலையில் நம்பகமான தூரிகை கிடைக்கும். ஒரே எழுத்துமுறையில் சில ஆண்டுகள் பழகி, கோட்டின் நடுவில் மை வற்றுவது கைக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால் டொயோஹாஷி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். குமனோவிலும் நெரிமாஸே உண்டு; தொடக்கம் முதல் முடிவுவரை கையாலேயே செய்யும் அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்களும் உண்டு. அவர்களுடைய தூரிகையில் மரபுக் கைவினை முத்திரை ஒட்டியிருக்கும். அந்தத் தூரிகையை டொயோஹாஷிக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வராது. கவாஜிரியும் நெரிமாஸே ஊர்தான், ஒருவரே பெரும்பாலான வேலைகளையும் செய்து முடிக்கும் வழக்கமும் அங்கே இருக்கிறது. ஆனால் செய்பவர்கள் குறைவு. தேடித்தான் வாங்க வேண்டும்.

நாராவை விலைக்கணக்கில் அடக்க என்னால் முடியவில்லை. சீனாவிலிருந்து 806-இல் திரும்பிய கூகாய், தாம் கற்ற தூரிகைக் கலையைச் சொல்லிக்கொடுத்தது யமாத்தோ நாட்டில், அதாவது இன்றைய நாராப் பகுதியில்தான் என்பது மரபு. ஆனால் அதற்கும் முந்தைய ஒரு தூரிகை அங்கே இருக்கிறது. 752-இல் தோதாய்ஜி கோவிலின் மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்தார்கள். கருவிழியை வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவரைத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்றே ஜப்பானியர் அழைத்தார்கள். அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீல நூலைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அந்த ஒரு கோட்டில் எல்லாருக்கும் பங்கு கிடைக்க. தூரிகையும் நூலும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. போரில் எரிந்த சிலையைச் சீராக்கி 1185-இல் மறுபடி கண் திறந்தபோது பதவி துறந்த பேரரசர் கோ-ஷிராகாவா அதே தூரிகையைத்தான் கையில் எடுத்தார். நம் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போன ஒருவரின் கை பட்ட தூரிகை என்பதால், நாரா என்றதும் எனக்கு ஒரு சாய்வு வந்துவிடுகிறது, மறைக்கவில்லை.

சாய்வைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் நாராத் தூரிகைக்கு ஒரு தனிப் பலம் உண்டு. பத்துக்கும் மேற்பட்ட விலங்குகளின் முடிகளை, ஒவ்வொன்றின் துள்ளலும் மென்மையும் தெரிந்து, நெரிமாஸே முறையில் சேர்க்கிறார்கள். ஒரே இன முடியால் ஆன தூரிகை ரொம்ப விறைப்பு அல்லது ரொம்பத் தளர்வு என்று அலுத்தவர்களுக்கு அதுதான் தீர்வு.

எந்த ஊர்த் தூரிகையானாலும் வாங்கும்போது நுனி கூராக, ஃபுனோரி என்ற கடற்பாசிப் பசையில் இறுகித்தான் பெரும்பாலும் வரும். பெரிய தூரிகையை விரலால் மெதுவாக நெருடி அடிவரை பிரித்துவிட்டு, எழுதி முடித்ததும் தண்ணீரில் நன்றாக அலசி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். சிறிய தூரிகையை அப்படிச் செய்யக் கூடாது. நுனியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிரித்து எழுதி, முடிந்ததும் ஈரத்தாளில் மையைத் துடைத்து, கூராக்கி வைத்துவிட வேண்டும்.