கணக்கு விளையாட்டுகளும் இணையக் கருவிகளும்: தொடக்க வகுப்பில் பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்கள் ஒரு பட்டியலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பல வருடமாக இவற்றை வைத்துப் பாடம் நடத்துகிறேன், அதனால் என்னிடமும் பட்டியல் இருக்கிறது. ஆனால் எந்த விளையாட்டு வந்தாலும் நான் முதலில் கவனிப்பது பிள்ளையின் விரலை. அது அளவுகளை நகர்த்துகிறதா, உடைக்கிறதா, சேர்க்கிறதா? இல்லை, விடை இருக்கும் பொத்தானைத் தேடி அழுத்துகிறதா? முதல் வகை விளையாட்டுகள் என் வகுப்பில் நிலைத்துவிட்டன. இரண்டாம் வகையை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டேன்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு கூட்டல் விளையாட்டில். நான்கு விடைகளில் சரியானதைத் தொட்டால் நட்சத்திரம் கிடைக்கும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கடகடவென்று நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 37 + 25 வந்தது. கீழே 61, 62, 64, 65. "ஏழும் அஞ்சும் பன்னெண்டு" என்று முணுமுணுத்தான், 62-ஐத் தொட்டான். பத்துகள் பக்கம் அவன் கண் போகவே இல்லை. போகத் தேவையும் இல்லை, 2-இல் முடிகிற விடை அங்கே ஒன்றுதான். அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். 512 என்று எழுதினான். மூன்றும் இரண்டும் ஐந்து, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியாயிற்று. ஆப்பின் அறிக்கையில் அவன் இரண்டு இலக்கக் கூட்டலை முடித்துவிட்ட மாணவன்.

அதன் பிறகு, விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எதையும் கற்பிக்கும் கருவியாக நான் வைத்துக்கொள்வதில்லை. பாடம் முடிந்தபின் ஒரு மாற்றத்துக்கு விளையாடலாம், அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்குக் கைகொடுத்தது பெட் தளத்தில் இருக்கும் 'மேக் எ டென்'. பெட் என்பது அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்தும் இலவசத் தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. முதலில் இயற்பியலுக்காக வந்தது, இப்போது கணக்குக்கும் நிறைய இருக்கிறது. இந்தச் செயலியில் எண்கள் துண்டுகளாகத் திரையில் கிடக்கும். ஒன்றை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் கூடிவிடும். ஆனால் 7-ஐ இழுத்து 5-இன் மேல் விட்டால் இரண்டும் சேராமல் விலகி ஓடும். நான் வைத்திருக்கும் கருவிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 'தவறு' என்ற சிவப்பு எழுத்து இல்லை, சத்தம் இல்லை. சேர மாட்டேன் என்கிறது, காரணத்தைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். அவன் மூன்று நான்கு தடவை மோதிப் பார்த்தான். அப்புறம் 5-ஐப் பிரித்து 3 ஒரு பக்கம், 2 ஒரு பக்கம் என்று வைத்தான். 3 போய் 7-உடன் சேர்ந்து 10 ஆனது. 30, 20, 10 மூன்றையும் சேர்த்து 60, மிச்சம் 2. "கையில ஒண்ணு" என்று நாம் காலங்காலமாகச் சொல்லித்தரும் அந்த ஒன்று, உண்மையில் ஒரு முழுப் பத்து என்பதை அவன் தன் விரலாலேயே செய்து பார்த்தான். அதன் பிறகு அவன் தாளில் 512 வரவில்லை. வேறு தவறுகள் வந்தன, ஆனால் விடையைப் பார்த்து "இது ரொம்பப் பெருசா இருக்கே" என்று அவனே நிறுத்திக்கொள்ளத் தொடங்கினான்.

டிராகன்பாக்ஸ் நம்பர்ஸும் இதே குணம் உள்ளதுதான். நார்வேயில் உருவானது, 2019-இல் அந்த நிறுவனத்தை, வினாடி-வினா தளம் நடத்தும் கஹூட் வாங்கியது. அதில் எண்கள் ஒவ்வொன்றும் உயரம் வேறுபட்ட சின்ன உருவங்கள். விரலால் வெட்டினால் 8 என்பது 5-உம் 3-உமாகப் பிரியும், ஒன்றோடொன்று சேர்த்தால் பெரிதாகும். எழுத்து தெரியாத பிள்ளையும் விளையாடலாம். நான்கு, ஐந்து வயதில் எண்களோடு பழக இது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த உருவத்தை 8 என்று எழுதுவதும், எட்டுப் பொருளை எண்ணி எடுத்துவைப்பதும் தனி வேலைகள். அவற்றை நாம்தான் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும்.

பின்னத்துக்கு என் முதல் தேர்வு பாலிபேட். மாத்திகான் தளத்தில் உருவான இலவச வெள்ளைப்பலகை இது. பின்னப் பட்டைகள், எண்கோடு, வடிவத் துண்டுகள் எல்லாம் அதிலேயே இருக்கும். ஸ்கோர் கிடையாது, லெவல் கிடையாது. அதனால் பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது, கேள்வி நன்றாக அமைந்தால் அவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ¼ பெரிதா ⅙ பெரிதா என்று கேட்டால், நான்காம் வகுப்பில் பாதிப் பேர் ஆறு பெரிய எண் என்பதால் ⅙ என்பார்கள். பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கச் சொன்னால் அந்தக் குழப்பம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் எதிர்பாராதது அடுத்து நடந்தது. ஒரு பெண் ½ பட்டைக்குக் கீழே மூன்று ⅙ பட்டைகளை வைத்துச் சரியாகப் பொருந்துவதைப் பார்த்தாள். நான் சொல்லாமலேயே ⅕ பட்டைகளை எடுத்தாள். இரண்டு வைத்தால் குறைகிறது, மூன்று வைத்தால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. "டீச்சர், அஞ்சுல ஒண்ணு மட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் ⅐-ஐ எடுத்துப் பார்த்தான், அதுவும் ஒட்டவில்லை. ⅛ ஒட்டியது. ஒற்றைப்படை எண்கள் பாதிக்குப் பொருந்தாது என்பதை வகுப்பே சேர்ந்து கண்டுபிடித்தது. கடைசியில் அந்தப் பெண்ணே ⅒ பட்டைகள் ஐந்தைக் கொண்டுவந்து வைத்து, "அஞ்சை ரெண்டா உடைச்சா சரியாயிடுது" என்றாள். சமமான பின்னங்கள் என்ற பாடத்தை அன்று நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதே கருவி ஒன்றை மறைத்துவிடுகிறது. திரையில் பட்டைகள் எப்போதும் மிகச் சரியாகச் சமமாகவே வெட்டப்பட்டிருக்கும். பாகங்கள் சமமாக இருந்தால்தான் அது பின்னம் என்பது பிள்ளை கஷ்டப்பட்டு உணர வேண்டிய விஷயம். திரை அந்தக் கஷ்டத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஒரு தாள் பட்டையை மூன்று சம பாகமாக மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். அதனால் மடிப்பு வேலை முதலில், பாலிபேட் அதற்குப் பிறகு என்பது என் வழக்கம். வரிசை மாறினால் பலன் குறைகிறது.

பலகை ஆட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எண்கள் போட்ட எளிய பலகை ஆட்டத்தைப் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் சில தடவை விளையாடியதிலேயே எண்ணறிவில் முன்னேறியது தெரியவந்தது. எண்களுக்குப் பதில் நிறங்கள் போட்ட பலகையில் விளையாடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அந்த ஆட்டத்தில் பிள்ளை காயை நகர்த்திக்கொண்டே, கடக்கும் எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு டேப்லெட்டில் இருக்கும் பலகை ஆட்டங்களைப் பார்த்தால் ஏமாற்றம்தான். நான் பார்த்த ஒன்றில் பகடை விழுந்ததும் காய் தானாகவே ஓடிப் போய் நின்றது. எண்ணுகிற வேலையை ஆப் செய்துவிட்டது, பிள்ளை வேடிக்கை பார்த்தது. இப்படிப்பட்ட இடத்தில் அட்டையும் ஒரு பகடையும் போதும், ஆப் வேண்டாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1996 முதல் நடத்திவரும் என்ரிச் தளம் இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கையான துணை. அங்கே இருக்கும் பல ஆட்டங்களைத் திரையிலும் ஆடலாம், தாளிலும் ஆடலாம். பகடையை உருட்டி, விழுந்த எண்ணைக் கட்டங்களில் நிரப்பி, கூட்டுத்தொகையை 1000-க்கு மிக அருகில் கொண்டுவரும் ஆட்டம் ஒன்று உண்டு. மூன்று இலக்க எண்கள் இரண்டு என்று வைத்துக்கொண்டு ஆடவிடுவேன். வைத்த எண்ணை மாற்றக் கூடாது. முதல் உருட்டலில் 6 விழுந்தால் நூறில் வைப்பதா, ஒன்றில் வைப்பதா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். நூறில் வைத்தால் இன்னொரு நூறிடத்துக்கு 3 வரும் வரை காத்திருக்க வேண்டும், வராமலே போகலாம். இடமதிப்பைப் பற்றி இவ்வளவு தீவிரமாக எட்டு வயதுப் பிள்ளைகள் வாதாடுவதை வேறு எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை.

சரி, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வகைக்கு வருகிறேன். அரக்கர்களோடு சண்டை, நாணயங்கள், வளர்ப்புப் பிராணிகள், புதுப்புது உடைகள், நடுநடுவே ஒரு கணக்கு. அந்த ஆட்டங்களில் கணக்கு ஒரு சுங்கச்சாவடி. சீக்கிரம் தாண்டிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதுதான் பிள்ளையின் எண்ணமாக இருக்கும். இவற்றில் ஒன்றை ஒரு பருவம் முழுக்க ஓடவிட்டேன். உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் இடைவேளையில் அவர்கள் பேசியது வாளைப் பற்றியும் தொப்பியைப் பற்றியும்தான். பெருக்கலைப் பற்றி ஒரு பேச்சும் காதில் விழவில்லை. கட்டணம் கட்டிய பிள்ளைக்கு நல்ல உடை, கட்டாத பிள்ளைக்கு வெறும் உடை என்ற பேதமும் வகுப்புக்குள் வந்தது. அது எனக்குச் சகிக்கவில்லை, எடுத்துவிட்டேன். வாய்ப்பாடு ஏற்கனவே புரிந்த பிள்ளை கை வேகம் கூடுவதற்கு வீட்டில் கொஞ்ச நேரம் விளையாடினால் தப்பில்லை. புரியாத பிள்ளைக்கு அது எதையும் சொல்லித்தராது.

டைமர் விஷயத்தில் என் முடிவு உறுதியானது. புதிதாக ஒன்றைக் கற்கும்போது டைமர் கூடாது. நிதானமாக யோசிக்கும் பிள்ளை, வேகத்துக்கு மதிப்பெண் தரும் போட்டியில் பட்டியலின் அடியில்தான் நிற்கும். எல்லோரும் பார்க்கும் திரையில் அது நிற்கும். அடுத்த தடவை அந்தப் பிள்ளை யோசிக்காது, குத்துமதிப்பாக ஒன்றைத் தொடும். நேரத்தை நீட்டிக்கவோ அணைத்துவைக்கவோ பல தளங்களில் வசதி உண்டு. அமைப்புப் பக்கத்தில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் வேறு தளம் பார்க்கலாம்.

இணையப் பாடத் தளமான கான் அகாடமியை நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். லாப நோக்கமற்றது, விளம்பரம் இல்லை. நிறையக் கேள்விகளில் விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது பெரிய நன்மை. படிப்படியாகக் குறிப்புகள் திறக்கும். ஆனால் சில பிள்ளைகள் எல்லாக் குறிப்புகளையும் வரிசையாகத் திறந்து கடைசி விடையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அதற்கு நான் வைத்திருக்கும் வழி, பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வொரு கணக்கையும் நோட்டில் போட்டுவிட்டுத்தான் திரையில் விடை. எனக்கு அதன் அறிக்கையைவிட இந்த நோட்டுதான் அதிகம் சொல்கிறது. எந்தப் படியில் தடுக்கியது என்பது நோட்டில் தெரியும், திரையில் சரி, தவறு மட்டும்தான் தெரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. பழைய இணைய விளையாட்டுகளை ஓடவைத்த ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் நிறுத்தியபோது, ஆசிரியர்கள் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கணக்கு விளையாட்டுகள் கொத்தாக மறைந்துபோயின. அதிலிருந்து, பிரவுசரிலேயே திறக்கும், லாகின் கேட்காத கருவிகளையே முதலில் தேடுகிறேன். பெட் தளத்தில் ஹெச்டிஎம்எல் வடிவச் செயலிகளை, அதாவது பிரவுசரிலேயே திறப்பவற்றை, கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமலும் ஓடும். பல செயலிகள் தமிழிலும் கிடைக்கின்றன. லாகின் இல்லாததால் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு பிள்ளைக்கு ஒரு டேப் என்பது என் வகுப்பில் நன்றாக வேலை செய்கிறது. ஒருவர் சொல்ல, மற்றவர் நகர்த்த வேண்டும். சொல்கிறவர் திரையைத் தொடக் கூடாது. "அஞ்சுலேர்ந்து மூணை எடு" என்று வாயால் சொல்ல வேண்டிவரும்போது, தான் என்ன செய்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்கே தெளிவாகிறது. கருவிகள் போதாத வகுப்புக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை, ஆளுக்கொன்று இருந்தாலும் இப்படித்தான் கொடுப்பேன்.

இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் எனக்குத் திருப்தியான கருவி கிடைக்காத இடம் வாக்கியக் கணக்கு. "ரவியிடம் 12 மணிகள் உள்ளன. இது மீனாவிடம் இருப்பதைவிட 4 அதிகம். மீனாவிடம் எத்தனை?" 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளை கூட்டி 16 என்கிறது. ஆப் 'தவறு' என்கிறது, உடனே பிள்ளை கழித்து 8 என்கிறது, ஆப் 'சரி' என்கிறது. நடுவில் யாரும் எதையும் புரிந்துகொள்ளவில்லை. இதற்கு நான் இன்னும் செய்வது பழைய வேலைதான்: இரண்டு பட்டைகளை வரையச் சொல்வேன், எது நீளம் என்று கேட்பேன். சில நாள் அதே பட்டைகளைப் பாலிபேடில் இழுத்து வைக்கிறோம். கணக்கைப் பிள்ளையே படமாக்கினால்தான் அடுத்த படி திறக்கும் என்று ஒரு விளையாட்டு யாராவது செய்தால், மறுநாளே என் வகுப்பில் அதை வைத்துப் பார்ப்பேன்.