எஸ்எஸ்ஐ வாங்குபவர் மாதச் சம்பளத்தைத் தெரிவிக்க எந்த வழி நல்லது? செயலி, போன், இணையம், தானியங்கி: ஓர் அலசல்

அமெரிக்காவில் எஸ்எஸ்ஐ (சப்ளிமென்டல் செக்யூரிட்டி இன்கம் என்கிற அரசு உதவித்தொகை) பணம் வாங்கிக்கொண்டே வேலைக்கும் போகிறவர், ஒவ்வொரு மாதமும் தன் சம்பளத்தை அந்தத் திட்டத்தை நடத்தும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அடுத்த மாதம் 10-ஆம் தேதி கெடு. ஸ்மார்ட்போன் செயலி, தானியங்கி தொலைபேசி, இணையக் கணக்கு, நேரிலோ தபாலிலோ பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) கொடுப்பது என்று நாம் செய்யக்கூடிய வழிகள் நான்கு. 2025-லிருந்து ஐந்தாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாமலே சம்பள விவரம் அவர்களுக்குப் போய்ச் சேரும் வழி அது.

எல்லா வழியிலும் போவது ஒரே தொகைதான். ஆனால் ஒரு வருடம் கழித்து "உங்களுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தாருங்கள்" என்று கடிதம் வந்து நிற்கும்போது, எந்த வழியில் சொன்னோம் என்பது முக்கியமாகிவிடும். அதனால் எது சுலபம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். நம் கையில் ரசீது மிஞ்சுகிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

எஸ்எஸ்ஐ என்பது 65 வயது நிறைந்தவர்கள், பார்வையற்றவர்கள், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரில் வருமானமும் சேமிப்பும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கான திட்டம். 1974-லிருந்து நடக்கிறது. 2026-இல் தனியாள் ஒருவருக்கு மத்திய அரசு தரும் அதிகபட்சத் தொகை மாதம் 994 டாலர். கையில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தால் தகுதி போய்விடும். அந்த வரம்பு 1989-லிருந்து அப்படியே கிடக்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் 200 டாலர் துண்டு விழுந்தால் அந்த மாத வாடகையே தள்ளாடும்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். வேறு வருமானம் இல்லாதவரின் சம்பளத்தில் முதல் 85 டாலரை விட்டுவிடுவார்கள். மீதியில் பாதியை உதவித்தொகையிலிருந்து கழிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 400 டாலர் வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 800. 85 போக 715, அதில் பாதி 357.50. ஆக அவருக்கு வரவேண்டியது 636.50 டாலர். ஆனால் இரண்டு வாரச் சம்பளக்காரருக்கு வருடத்தில் இரண்டு மாதங்களிலாவது மூன்று செக் வரும். அந்த மாதம் சம்பளம் 1,200 ஆகும், உதவித்தொகை 436.50-ஆக இறங்கும். வேலை செய்த மாதம் எது என்று பார்ப்பதில்லை, சம்பளம் வந்த மாதம்தான் கணக்கு. மூன்று செக் மாதத்தில் வழக்கம்போல 800 என்று போட்டுவிட்டால், அந்த 200 டாலர் பின்னால் கடனாக வந்து நிற்கும்.

இன்னொரு பொதுவான தவறு, கிராஸுக்குப் பதில் நெட் தொகையைச் சொல்வது. வங்கிக் கணக்கில் 680 விழுந்திருக்கிறது என்று 680-ஐச் சொல்லிவிடுவார்கள். பே ஸ்டப்பில் வரிகள் பிடிப்பதற்கு முன்னால் இருக்கும் கிராஸ் தொகைதான் வேண்டும். அதிலும் "இந்த முறை" என்கிற பத்தியில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே வருடத் தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தம் என்று இன்னொரு பத்தி இருக்கும். அவசரத்தில் கண் அங்கே போய்விடும்.

ஜனவரியில் வந்த சம்பளம் பொதுவாக மார்ச் மாத உதவித்தொகையைத்தான் பாதிக்கும். இரண்டு மாத இடைவெளி. பிப்ரவரி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால், மார்ச் பணத்தைச் சரியாகப் போட அவர்களுக்கு நேரம் கிடைக்கும். 10-ஆம் தேதி என்பது சட்டக் கெடு. நம் பழக்கம் முதல் வாரமாக இருக்கட்டும். நினைவூட்ட மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பும் இலவச வசதியும் உண்டு, அதில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். கெடுவைத் தவறவிட்டால் முதல் முறை 25 டாலர், இரண்டாம் முறை 50, அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் 100 அபராதம் பிடிக்கலாம். வேண்டுமென்றே பொய் சொன்னால் ஆறு மாதம் பணமே நிற்கும்.

செயலி

எஸ்எஸ்ஐ மொபைல் வேஜ் ரிப்போர்ட்டிங் என்பது இதன் பெயர், கூகுள் ப்ளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இலவசமாகக் கிடைக்கிறது. பத்து வருடங்களுக்கு மேலாகப் புழக்கத்தில் இருப்பதுதான். இதன் பெரிய பலம், கணக்கு திறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி எண், பெயர், அந்த மாத மொத்த கிராஸ் சம்பளம், அவ்வளவுதான். பே ஸ்டப்பைப் படமெடுத்து அனுப்பும் வேலையும் கிடையாது. முடித்ததும் ரசீது வரும், அதைச் சேமித்து வைக்கலாம். பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் முடிகிற காரியம்.

பலவீனமும் அங்கேதான். மொத்தத்தை நாமேதான் கூட்டிப் போட வேண்டும். செயலி கேட்பது ஒரே ஒரு தொகை. அது இரண்டு செக்கா மூன்று செக்கா, கிராஸா நெட்டா என்று அதற்குத் தெரியாது. குறைபாடு காரணமாக வேலைக்கென்றே செலவாகும் தொகைகளை (தனி வாகனக் கட்டணம், மருந்து, உதவிக் கருவி) வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதைச் செயலியில் சொல்ல முடியாது, தனியாக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 22 வயதுக்குள் படித்துக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கான மாணவர் சலுகையும் அப்படித்தான்.

வேறு சில எல்லைகளும் உண்டு. புது வேலை என்றால் முதலில் அலுவலகத்துக்குச் சொல்லிப் பதிவாக்கிவிட்டுத்தான் செயலிக்கு வரவேண்டும். சொந்தத் தொழில் வருமானம் இதில் போகாது. வண்டி ஓட்டியும் உணவு கொண்டுபோய்க் கொடுத்தும் சம்பாதிக்கிறவர்கள் பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வருவார்கள், சம்பளக்காரர் கணக்கில் வரமாட்டார்கள். எஸ்எஸ்டிஐ (முன்பு வேலை செய்து வரி கட்டியவர்களுக்கான உடற்குறைபாட்டுக் காப்பீடு) மட்டும் வாங்குகிறவருக்கும் இது பொருந்தாது. அந்தத் திட்டத்தின் விதிகளே வேறு.

உதவித்தொகை வாங்குகிறவர்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. கணவனோ மனைவியோ, பெற்றோரோ, அவர் சார்பில் பணம் பெறும் பிரதிநிதியோ தெரிவிக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கும் பொருந்துகிற இடம் இது. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ள 18 வயதுக்குட்பட்ட குழந்தை எஸ்எஸ்ஐ வாங்கினால், அப்பா அம்மா சம்பளத்தின் ஒரு பகுதி குழந்தையின் வருமானமாக எடுத்துக்கொள்ளப்படும். குழந்தைதானே வாங்குகிறது, நம் சம்பளத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓவர்டைம் பார்த்த மாதச் சம்பளத்தால் குழந்தையின் பணம் பின்னால் குறையலாம்.

தானியங்கி தொலைபேசி

இது செயலிக்கு அண்ணன். கட்டணமில்லாத எண்ணைக் கூப்பிட்டால் இயந்திரக் குரல் கேட்கும், அதே விவரங்களைச் சொல்ல வேண்டும். சாதாரண போனே போதும் என்பதால் ஸ்மார்ட்போன் இல்லாத வயதானவர்களுக்கு நல்லது. எண்களை வாயால் சொல்லச் சொல்ல இயந்திரம் தப்பாகக் கேட்டுக்கொள்ளும் தொல்லை உண்டு, நம்மவர் உச்சரிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. முடிவில் ரசீதைத் தபாலில் அனுப்புவார்கள். செயலி என்றால் கையோடு கிடைக்கிற ரசீதுக்கு இதில் காத்திருக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இருக்கிறவருக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

இணையக் கணக்கு

மை வேஜ் ரிப்போர்ட் என்பது மை சோஷியல் செக்யூரிட்டி கணக்குக்குள் இருக்கும் வசதி. உள்ளே போக லாகின்.கவ் அல்லது ஐடி.மீ என்கிற அடையாளச் சரிபார்ப்புக் கணக்கு வேண்டும். அதற்கு அடையாள அட்டையைப் படமெடுக்கவும் முகத்தைக் காட்டவும் வேண்டிவரலாம். வயதானவர்களும் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் இந்த வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். இந்தத் திட்டத்தை நம்பி வாழ்கிறவர்களே அவர்கள்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உள்ளே போய்விட்டால் இது செயலியைவிடத் துல்லியமானது. ஒவ்வொரு பே ஸ்டப்புக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எப்போது பணம் வந்தது, எத்தனை மணி நேரம், கிராஸ் எவ்வளவு என்று தனித்தனியாகப் போடலாம். மூன்று செக் மாதத்தில் தவறு நேரும் வாய்ப்பு இதனால் வெகுவாகக் குறைகிறது. எஸ்எஸ்டிஐ வாங்குகிறவர்களும் இதைப் பயன்படுத்தலாம். ரசீதையும் அப்போதே சேமித்துக்கொள்ளலாம். சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறதா, இரண்டு இடத்தில் வேலையா, ஒரு முறை சிரமப்பட்டுக் கணக்கைத் திறந்துவிடுங்கள்.

நேரில், தபாலில்

காத்திருப்பும் அலைச்சலும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் வேலைச் செலவுக் கழிவு, மாணவர் சலுகை, புது வேலை, வேலை நின்றது ஆகியவற்றுக்கு அலுவலகத்தைத்தான் நாட வேண்டும். மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். பே ஸ்டப்பின் நகலை மட்டும் கொடுத்து, கொடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்காமல் கிளம்ப வேண்டாம். வேலை விவரம் சொல்லும்போது ரசீது தர வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

தானாகப் போய்ச் சேரும் வழி

2015-இல் போடப்பட்ட சட்டம், சம்பளக் கணக்கு பார்க்கும் நிறுவனங்களிடமிருந்து நேரடியாக விவரம் வாங்க அனுமதி தந்தது. அதற்கான விதி 2025 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. விவரம் வருவது, பல முதலாளிகளின் சம்பளத் தரவைத் திரட்டி வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திடமிருந்து. நம் சம்மதம் வேண்டும், கட்டாயம் கிடையாது. சம்மதித்தவருக்கு, இப்படி வரும் சம்பள விவரத்தில் விடுபடலோ தவறோ இருந்தால் அபராதம் போடுவதில்லை.

மறதிக்காரருக்கும், ஒவ்வொரு மாதமும் பதற்றப்படுகிறவருக்கும் இது பெரிய நிம்மதி. ஆனால் எல்லா முதலாளியும் ஈக்விஃபாக்ஸ் தரவில் இருப்பதில்லை. தெருமுனை மளிகைக் கடையோ வீட்டுப் பராமரிப்பு வேலையோ அதில் இல்லாமல் போகலாம். சம்மதக் கையெழுத்துப் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. உங்கள் முதலாளியின் விவரம் வருகிறது என்று அலுவலகம் எழுத்தில் சொல்லும் வரை செயலியை விடாதீர்கள். வந்த பிறகும் அவர்கள் எடுத்த தொகையை பே ஸ்டப்போடு ஒப்பிட வேண்டும். தொகையைக் குறைப்பதாக அறிவிப்பு வந்து, அது தப்பு என்று தோன்றினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 10 நாளுக்குள் கேட்டுவிட்டால் முடிவு வரும் வரை பழைய தொகை தொடரும்.

மற்ற நாடுகள் இந்தத் தானியங்கி வழியில் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் என்கிற உதவித்தொகைத் திட்டத்தில் முதலாளி வரித்துறைக்குச் சொல்லும் சம்பளம் நேரே உதவித்தொகைக் கணக்குக்குப் போகிறது. ஒரே மதிப்பீட்டு மாதத்துக்குள் இரண்டு சம்பளம் விழுந்ததால் நான்கு தாய்மார்களின் பணம் தாறுமாறாக ஏறி இறங்கியது. அவர்கள் வழக்குப் போட்டு 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். உதவித்தொகை அதிகம் வாங்கியவர்களைக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலியா வைத்த ரோபோடெட் என்கிற தானியங்கித் திட்டம் அதைவிட மோசம். வருட வருமானத்தை இரண்டு வாரத் துண்டுகளாகச் சராசரி போட்டு, இல்லாத கடனை ஏழைகள் தலையில் கட்டியது. அது சட்டவிரோதம் என்றானது, ராயல் கமிஷன் என்கிற அரசு விசாரணை ஆணையம் 2023-இல் அறிக்கை தந்தது.

அதே ஆஸ்திரேலியா 2020 டிசம்பரிலிருந்து செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. முதலாளி அனுப்பிய சம்பளம், அங்கே உதவித்தொகை வழங்கும் அரசுச் சேவையான சென்டர்லிங்கின் செயலியில் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். வாங்குகிறவர் அதைப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்தி, சரி என்று உறுதி செய்வார். கூட்டல் வேலை இயந்திரத்துக்கு, கடைசிச் சொல் மனிதருக்கு. எஸ்எஸ்ஐ செயலியும் ஈக்விஃபாக்ஸ் தரவும் இப்படி ஒன்றாக வந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இருக்காது.

எதை எடுப்பது?

ஒரே முதலாளி, ஏறக்குறைய நிலையான சம்பளம், கையில் ஸ்மார்ட்போன் என்றால் செயலிதான், யோசிக்கவே வேண்டாம். மாதத்தில் வந்த ஒவ்வொரு பே ஸ்டப்பிலும் கிராஸைச் சுற்றி வட்டம் போட்டு, கூட்டி, அப்புறம் செயலியைத் திறங்கள். சம்பளம் குழப்பமாக இருந்தாலோ எஸ்எஸ்டிஐயும் சேர்ந்து வந்தாலோ இணையக் கணக்கு. பெரிய நிறுவனத்தில் வேலை, தெரிவிக்க அடிக்கடி மறந்துபோகும் என்றால் தானியங்கிச் சம்மதம் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை தொகையை மட்டும் சரிபாருங்கள்.

எந்த வழியானாலும் ரசீதையும் அந்த மாத பே ஸ்டப்புகளையும் ஒரே உறையிலோ போனில் ஒரே ஃபோல்டரிலோ போட்டுவையுங்கள். நீங்கள் சரியாகச் சொல்லியும் அலுவலகம் தாமதமாகப் பதிவு செய்ததால் அதிகம் வந்திருந்தாலும், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. எஸ்எஸ்ஐயில் வழக்கமாக மாதம் 10 சதவீதம் பிடிப்பார்கள். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எஸ்எஸ்ஏ-632 படிவம் கொடுக்கலாம். தவறு உங்கள் மேல் இல்லை, திருப்பித் தரவும் வசதியில்லை என்று அதில் காட்ட வேண்டும். முதல் பாதியைக் காட்ட அந்த ரசீதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.