கொழுந்துக்கு எட்டு எழுத்து: பிளாக்கோடு எங்கள் காலம்

பண்டாரவளையில் வேலை செய்கிற நண்பர் ஒருவர், "பைதன் வேலைக்கு பிளாக் போடலாமா மச்சான்?" என்று கேட்டார். பைதன் கோட்டை ஒரே பாணியில் தானாக அடுக்கித் தரும் கருவிதான் பிளாக். வட்ஸ்அப்பில் அடக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

ஹட்டனில் நாங்கள் ஒரு சின்னக் குழு. தேயிலைத் தோட்டங்களுக்கு கொழுந்து நிறுவை, செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவு) கணக்கு மென்பொருள் செய்கிறோம். பிளாக் என்ன செய்யும் என்பது தெரிந்ததுதான்: 88 எழுத்து வரி, இரட்டை மேற்கோள், யாரிடமும் கேட்காமல் திருத்திவிடும். அது வந்த பிறகு மேற்கோள்குறிச் சண்டை அடியோடு ஒழிந்தது. ரிவியூவில் இப்போது அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழ வேண்டிய இடத்தில் முழுப்பேர் விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். பட்டியலின் கடைசியில் ஒரு கமாவை விட்டால் ஒவ்வொன்றையும் தனி வரியில் வைக்கும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் டிஃப்பில் (மாற்றங்களைக் காட்டும் பட்டியலில்) அந்த ஒரு வரிதான் தெரியும். எனக்கு இது மிகவும் பிடிக்கும். பழைய கோட் முழுவதையும் ஒரே கொமிட்டில் மாற்றினால் பிளேம் (எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்ற பதிவு) கெட்டுப்போகுமே என்று பயப்பட வேண்டாம், அந்தக் கொமிட்டைத் தள்ளிவிட்டுப் பார்க்க கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் 2.23 பதிப்பிலிருந்து வழி இருக்கிறது.

எரிச்சல் வேறு இடத்தில். பிளாக்கோடு, கோட்டில் விதி மீறலைச் சுட்டிக்காட்டும் ஃப்ளேக்8-ஐயும் ஓடவிடுகிறோம். அது வரியின் நீளத்தை யூனிகோட் குறிகளை எண்ணித்தான் அளக்கிறது. 'கொழுந்து' நமக்கு நான்கு எழுத்து, அதற்கு எட்டு: ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று, புள்ளி ஒன்று என்று எல்லாம் தனிக்கணக்கு. 'அரைப்பேர்' என்றால் ஒன்பது. 2001இல் வந்த, பைதன் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 வரிக்கு 79 எழுத்து என்கிறது, குழு சம்மதித்தால் 99 வரை போகலாம் என்றும் சொல்கிறது. 99 வைத்துப் பார்த்தோம். நான்கு படி உள்ளே தள்ளிய இடத்தில் ஒரு தமிழ் வாக்கியம் அதையும் தாண்டுகிறது. பிளாக் நீண்ட வாக்கியத்தை உடைக்காமல் அப்படியே விட்டுவிடும். ஃப்ளேக்8 ஈ501 (வரி நீளம் கூடிவிட்டது) என்று கத்தும்.

கத்தினால் என்ன, விட்டுவிடலாமே என்பீர்கள். புதிதாக வந்த தம்பி ஃப்ளேக்8 காட்டிய சிவப்பைப் பச்சையாக்க என்ன செய்தான் தெரியுமா? 'கொழுந்து நிறை பதிவாகவில்லை, மீண்டும் நிறுக்கவும்' என்றிருந்ததை 'பதிவுப் பிழை' என்று வெட்டினான். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கொழுந்துக் கூடைகள் வரிசையில் நிற்க, கணக்குப்பிள்ளை போன் எடுத்து, "தம்பி, பிழை நம்மகிட்டயா, மெஷின்லயா?" என்று கேட்டார். கோட் அழகாக இருக்க வேண்டும் என்று வைத்த விதி, மனிதர் வாசிக்கிற வாக்கியத்தைக் கெடுத்துவிட்டது.

அப்புறம் தமிழ் வாக்கியங்களை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு, அந்தக் கோப்புக்கு மட்டும் ஈ501-ஐ அணைத்தோம். வேலை நடக்கிறது. ஆனால் ஒரு செய்தியைத் திருத்த இரண்டு கோப்பைத் திறக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால் இதில் பிளாக்கின் தவறு எதுவும் இல்லை. இருந்தாலும் இன்றைக்கு நான் தருவது 5க்கு 2தான். அதை எடுத்துவிடலாம் என்று குழுவில் யாராவது சொன்னால் முதலில் சண்டைக்கு நிற்பதும் நான்தான். மற்றது, ஈ203-ஐயும் (':' குறிக்கு முன் இடைவெளி கூடாது என்ற விதி) முதல் நாளே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்லைஸ் (பட்டியலின் ஒரு பகுதியை எடுப்பது) எழுதும் இடத்தில் பிளாக்கும் ஃப்ளேக்8-உம் முட்டிக்கொள்ளும்.