கோட்டை பார்க்கப் போய் அமெரிக்கச் சண்டை கேட்டோம்

திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தவன் காசு கொடுத்துக் கோட்டை பார்ப்பது கொஞ்சம் வெட்கம்தான். கொழும்பிலிருந்து மச்சான் குடும்பம் வந்ததால் அரைநாள் ஆட்டோ சுற்று ஒன்றைப் பிடித்தோம். ஓட்டுகிற அண்ணைதான் வழிகாட்டியும். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

கதை சொல்வதில் ஆளை அடிக்க முடியாது. இராவணன் வெட்டை இரண்டே வரியில் முடித்துவிட்டு, வடக்குப் பக்கக் குடாவைக் காட்டி, "1782இல் பிரெஞ்சுக்காரன் இங்கே வந்து நின்றதுக்கு அமெரிக்காதான் காரணம், தம்பி" என்றார். மச்சான் சிரித்துவிட்டான்.

1763இல் கனடாவை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்த வன்மம் பிரான்சுக்கு ஆறவில்லையாம். அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பியதும் நேரே களத்தில் இறங்காமல், 1776இல் மன்னர் பத்து இலட்சம் லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) இரகசியமாகக் கொடுக்க, பொமார்ஷே என்ற நாடகாசிரியர் பெயருக்கு ஒரு வணிகக் கம்பனி வைத்துத் துவக்கும் வெடிமருந்தும் அனுப்பினார். "வேலிச் சண்டையிலே பக்கத்து வீட்டுக்காரன் முதலில் கதியால் கொடுப்பான், பிறகு கத்தி கொடுப்பான், மூன்றாம் நாள் தானே வந்து நிற்பான்." 1777இல் அமெரிக்காவின் சரடோகாவில் ஓர் ஆங்கிலப் படை சரணடைய, 1778 பெப்ரவரியில் பிரான்சுக்கும் அமெரிக்கருக்கும் ஒப்பந்தம், கோடையில் ஆங்கிலேயரோடு கடற்சண்டை. 1780 கடைசியில் பிரித்தானியா ஒல்லாந்தர் மீதும் போர் அறிவித்தது. அப்போது நம்ம கோட்டை ஒல்லாந்தருடையது! 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரென் வந்து அவர்களிடமிருந்து பறித்தார், செப்டம்பர் 3 அன்று வெளிக்கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்களோடு பெரிய சண்டை. அமெரிக்காவில் யோர்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்து பத்து மாதத்துக்கும் மேலாகியிருந்தது, யோசித்துப் பாருங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த மச்சானின் மகள் கையிலிருந்த உளுந்து வடையை மான் ஒன்று பையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பையைப் பிடுங்க அண்ணைதான் ஓடினார்.

இனிக் குறை. விளம்பரத்தில் 'இரண்டு கோட்டை' என்று போட்டிருந்தார், ஆனால் இரண்டாவதான ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள்ளே இருக்கிறது, அனுமதி எடுக்காமல் கூட்டிப்போனதால் வாசலோடு திரும்பினோம். அப்புறம், கேட்காமலே ஒரு மசாலாக் கடையில் இறக்கி அரைமணி நேரம் வீணாக்கினார். கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை.

போவதென்றால் காலை ஆறரைக்கே வரச்சொல்லுங்கள், கோணேஸ்வரத்தில் சனம் கூடினால் அவர் குரல் கேட்காது. சமாதானம் பேசி முடிந்த செய்தி வந்து சேராமல் 1783இல் கடலூருக்கு முன்னால் சஃப்ரெனும் ஹியூஸும் மறுபடி மோதிய கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அது முழுநாள் சுற்றில்தானாம்.